டாரன்டுலா சட்டை உரிக்கும் கணக்கு: சேலம், ஏற்காட்டில் புதிதாக வளர்ப்பவர்களுக்கு

டாரன்டுலா என்ற முடி அடர்ந்த பெரிய சிலந்தி நாளுக்கு நாள் வளராது. மாதக்கணக்கில் ஒரே அளவில் மூலையில் உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் ராத்திரி பழைய சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, விடிந்து பார்த்தால் ஒரு சுற்று பெரிதாக நிற்கும். அதன் உடம்பைத் தாங்குவது வெளியே போர்த்தியிருக்கும், கைட்டின் என்ற கெட்டிப் பொருளாலான ஓடு. அந்த ஓடு விரியாது. வளர வேண்டுமென்றால் அடியில் புதிதாக ஒன்று தயாராக வேண்டும், மேலே இருப்பது கழல வேண்டும். இரண்டு உரிப்புகளுக்கு நடுவில் மாறுவது வயிறு மட்டும்தான். தின்றால் உப்பும், பட்டினி கிடந்தால் சுருங்கும். "என் சிலந்தி நல்லா வளர்ந்துடுச்சு" என்று புதிதாக வளர்ப்பவர்கள் சந்தோஷப்படுவதில் பாதி, அது வயிறு நிறையத் தின்றதுதான்.

ஆகவே வளர்ச்சியைக் கவனிக்க நினைப்பவர் சட்டை உரிப்பதைத்தான் கவனிக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு கிராப் தாள், ஒரு வெர்னியர் காலிப்பர், கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும் பொறுமை. இதில் கடைசியாகச் சொன்னது கடையில் கிடைக்காது.

எதை வளர்க்கலாம், எதைத் தொடக்கூடாது

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். சேலம் பெயரிலேயே ஒரு டாரன்டுலா இருக்கிறது: பொயெசிலோதீரியா ஃபார்மோசா. வெளிநாட்டில் வளர்ப்பவர்கள் 'சேலம் ஆர்னமென்டல்' என்று சொல்வது இதைத்தான். 1899-இல் பொக்காக் என்ற விலங்கியலாளர் விவரித்த இனம். மரப்பொந்தில் வாழ்வது, உடம்பெல்லாம் சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோலம். அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. சேர்வராயன் மலைப்பக்கம் சுற்றும்போது மரப்பொந்தில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். டப்பாவில் போட்டுக் கீழே கொண்டு வராதீர்கள். காப்புக்காட்டிலிருந்து உயிரினங்களைப் பிடித்து வருவது குற்றம் என்பது ஒரு பக்கம். இந்தப் பேரினத்துக்கு வேகமும் விஷமும் அதிகம் என்பது இன்னொரு பக்கம். கடித்தால் தசைப்பிடிப்பு பாடாய்ப் படுத்திவிடும்.

பொயெசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019 முதல் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துவது) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. முட்டி சிவந்திருக்கும் மெக்சிகோ சிலந்தி சேர்ந்த பிராக்கிபெல்மா பேரினம் அதற்கு ரொம்ப முன்னாலேயே சேர்ந்துவிட்டது. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் சைட்டிஸ் உயிரினங்களை நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. 2024-இல் வந்த விதிகளின்படி அந்த அட்டவணை உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். அது வேறு கைக்கு மாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். பட்டியல் அவ்வப்போது நீளக்கூடியது. 'ரோஸ்', 'கர்லி' என்ற கடைப்பெயரை நம்பி வாங்காமல், அறிவியல் பெயரை விற்பவரிடம் எழுதி வாங்கிப் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ரசீது நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டப்பட வேண்டியது.

கீழே சொல்வதெல்லாம் சிலி ரோஸ் போன்ற, தரையில் வாழும், அமெரிக்கக் கண்ட இனங்களை மனதில் வைத்துச் சொல்வது. மரத்தில் வாழும் இனங்களுக்கு ஓரிரு இடங்களில் மாறும், அங்கங்கே சொல்கிறேன்.

நோட்டு போடுங்கள்

போனில் குறித்து வைக்கலாம், தப்பில்லை. ஆனால் போன் மாறும். வளர்ந்த பெண் டாரன்டுலா பல இனங்களில் இருபது வருடத்தைத் தாண்டி வாழும். அதற்குள் எத்தனை போன் மாற்றியிருப்பீர்கள்? நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும், டப்பாவுக்குப் பக்கத்திலேயே கிடக்கட்டும்.

நீளமான ஆராய்ச்சிக்கு இப்படிப்பட்ட சாதாரணக் குறிப்புதான் அடித்தளம். மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்ற ஆய்வாளர் 1974-இல் தொடங்கிய ஆய்வில், வளை வாசலில் எண் போட்ட முளை அடித்துக் கவனித்துவந்த ஒரு பெண் சிலந்தி 43 வயது வரை வாழ்ந்து 2016-இல் இறந்தது. அதற்குப் பெயரே 'எண் 16'. அது மூடிக்கதவு போட்டு வாழும் சிலந்தி, டாரன்டுலாவுக்குத் தூரத்து உறவு. வயது இவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததற்குக் காரணம் யாரோ ஒருவர் விடாமல் எழுதி வைத்ததுதான்.

என்ன எழுத வேண்டும்? தின்றது, வேண்டாம் என்றது, உரித்தது. இந்த மூன்றுதான் உயிர். கூடவே அறையின் வெப்பநிலை. மாதிரிக்கு ஒரு பக்கம் இப்படி இருக்கலாம் (வழுக்கை, பட்டு, ஓட்டு அளவு பற்றிக் கீழே சொல்கிறேன்):

பிப்ரவரி 9: மீல்வார்ம் (தீனிப் புழு) ஒன்று. பாய்ந்து பிடித்தது.
பிப்ரவரி 18: மீல்வார்ம் ஒன்று. பிடித்தது, மெதுவாக.
பிப்ரவரி 27: புழுவைக் கண்டு பின்வாங்கியது. எடுத்துவிட்டேன்.
மார்ச் 6: வேண்டாம். வயிற்று வழுக்கை கறுக்கிறது. தண்ணீர் மாற்றினேன். அறை 31 டிகிரி.
மார்ச் 15: தரையில் பட்டு விரித்திருக்கிறது.
மார்ச் 17: காலையில் சட்டை கிடந்தது. ஓடு 9.2 மி.மீ.
மார்ச் 26: நச்சுப்பல் கறுத்துவிட்டது. மீல்வார்ம் ஒன்று, பிடித்தது.

'வேண்டாம்' என்ற வரியைப் பலர் எழுதுவதில்லை. தின்றால்தான் செய்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உரிப்பு எப்போது என்று ஊகிக்க முதல் தடயமே அந்த வரிதான். நாலைந்து உரிப்பு ஆன பிறகு நோட்டைப் புரட்டினால், உங்கள் சிலந்தி எத்தனை நாள் பட்டினி கிடந்து உரிக்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

சிறு குஞ்சுகளை, வளர்ப்பவர்கள் பேச்சில் 'ஸ்லிங்', மாத்திரை டப்பா அளவுப் பெட்டிகளில் வைத்திருப்பீர்கள். அதற்கு மூடியிலேயே பேப்பர் டேப் ஒட்டி, உரித்த தேதியை மார்க்கரால் எழுதிவிடுங்கள். நாலு டப்பா சேர்ந்துவிட்டால் எது எதுவென்று குழம்பும்.

டப்பாவை எங்கே வைப்பது

வெப்பம் கூடினால் சிலந்தி அதிகம் தின்னும், சீக்கிரம் உரிக்கும். குறைந்தால் எல்லாமே மந்தம். அதனால்தான் சேலத்தில் வளர்வதற்கும் ஏற்காட்டில் வளர்வதற்கும் கணக்கு ஒத்துவராது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஸ்வெட்டர் தேடுகிறோம், சிலந்திக்கும் அதே வித்தியாசம்தான். ஒரே முட்டைப் பையிலிருந்து வந்த இரண்டு குஞ்சுகளில் ஒன்று கீழேயும் ஒன்று மேலேயும் வளர்ந்தால், வருடக் கடைசியில் அளவு வேறாக இருக்கும். மேலே இருப்பதற்கு நோய் என்று நினைக்க வேண்டாம்.

சேலத்தில் சித்திரை, வைகாசிதான் சோதனை. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை அடுப்பாகிவிடும். 32 டிகிரிக்குள் இருக்கிற இடத்தைத் தேடுங்கள்: தரைத்தளம், நடு அறை, அலமாரியின் கீழ்த்தட்டு. ஏசி காற்று நேராக அடிக்கும் இடம் வேண்டாம், காய்ந்துவிடும். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். டப்பாவில் தரையாகப் போட்ட கோகோபீட்டின் (தென்னை நார்த்தூள்) ஒரு மூலையை வாரம் ஒருமுறை நனைத்துவிடுங்கள். கோகோபீட் நம் ஊர் நர்சரிகளில் தாராளமாகக் கிடைக்கும். உரம் கலக்காததாகக் கேட்டு வாங்கி, உப்புப் போக இரண்டு தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள்.

ஏற்காட்டில் பிரச்சினை நேர் எதிர். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி பெருகும். அங்கே நனைப்பதைக் குறைத்துக் காற்றுத் துளைகளைக் கூட்டுங்கள். மார்கழிக் குளிருக்கு வெளிச் சுவரை ஒட்டாமல், உள் அலமாரியில் வைத்தால் போதும். பல்பு கட்டிச் சூடேற்ற வேண்டாம். டப்பா ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் காயும்.

இரண்டு ஊருக்கும் பொதுவான எதிரி எறும்பு. உரித்த புதிதில் மெத்தென்று கிடக்கும் சிலந்தியை எறும்பு உயிரோடு தின்றுவிடும். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல் வைத்து அதன்மேல் டப்பாவை வையுங்கள். எறும்புப் பொடி தூவாதீர்கள். கொசுவத்தி, கொசு லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே, தெருவில் அடிக்கும் கொசு மருந்துப் புகை, பீரோவில் போடும் அந்துருண்டை எதுவும் சிலந்தி இருக்கும் அறைக்குள் ஆகாது. பூச்சியைக் கொல்லும் மருந்து எட்டுக்காலியையும் கொல்லும். வீட்டில் ஓடும் கரப்பானைப் பிடித்து இரையாகப் போடக்கூடாது என்பதும் இதனால்தான். அது எந்த வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ. வண்ண மீன் கடைகளில் அரோவானாவுக்கு விற்கும் மீல்வார்ம் போதும். தலையை லேசாக நசுக்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் மண்ணுக்குள் புகுந்துகொண்டு, சரியாகச் சிலந்தி உரிக்கும் நேரம் பார்த்து வெளியே வரும்.

உயிரோடு இருக்கும்போது அளப்பது

கையில் எடுத்து ஸ்கேல் வைத்து அளக்கிறேன் என்று இறங்காதீர்கள். கையிலிருந்து தவறி விழுந்தால் வயிறு கிழிந்துவிடும். தரைவாழ் டாரன்டுலா இப்படிச் சாவது சாதாரணம்.

வழக்கத்தில் உள்ள அளவு கால்வீச்சு. ஒரு பக்க முன்னங்கால் நுனியிலிருந்து எதிர்ப்பக்கப் பின்னங்கால் நுனி வரை, குறுக்காக. அடியில் தெளிவாகத் தெரியும் டப்பாவாக இருந்தால் கிராப் தாளை அடியில் வைத்து நேர் மேலிருந்து படம் எடுங்கள். மண் போட்ட டப்பா என்றால் சிலந்தி நிற்கும் மட்டத்திலேயே பத்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்துப் படம் எடுங்கள். அதன் குறுக்களவு 27 மி.மீ. போனை மிக அருகில் கொண்டுபோனால் அளவு திரியும். ஓரடி தள்ளிப் பிடித்து, அப்புறம் ஜூம் செய்யுங்கள்.

கால்வீச்சு நிற்கிற நிற்பைப் பொறுத்து மாறும். இன்று நீட்டி நிற்கும், நாளை குறுக்கி நிற்கும். அதனால் அதைத் தோராயமாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதைவிட வயிற்றைப் பார்ப்பேன். வயிற்றின் அகலம் முதுகு ஓட்டின் (கால்கள் முளைக்கும் முன்பாதியை மூடும் வில்லை) அகலத்தைப் போல ஒன்றரை மடங்கை எட்டிவிட்டால் தீனியைக் குறைக்கும் நேரம். சீக்கிரம் பெரிதாக்க வேண்டும் என்று சூடேற்றித் திணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலந்தி பெரிதாகும், வாஸ்தவம்தான். ஆனால் ஆண்டுக்கணக்கில் கூட இருக்கப்போகிற உயிரை என்ன அவசரத்துக்கு விரட்டுவது?

உரிக்கப் போகிறது என்பதற்கு அறிகுறி

முதலில் தீனியை மறுக்கும். இது ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. சிலி ரோஸ் எந்தக் காரணமும் இல்லாமல் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து உரிமையாளரை அழவைப்பதில் பேர்பெற்றது. கூடவே வேறு அடையாளங்கள் வேண்டும். வயிறு விம்மிப் பளபளக்கும். நிறம் மங்கும், முடிகள் பழசாகித் தெரியும். அமெரிக்க இனங்களில் வயிற்றின் பின்பக்கம் முடி உதிர்ந்த வழுக்கை இருக்கும். அது தோல் நிறத்திலிருந்து சாம்பலாகி, கடைசியில் கறுக்கும். அடியில் தயாராகிவிட்ட புதுச் சட்டையின் முடிதான் அப்படித் தெரிகிறது. நல்ல வெளிச்சத்தில் வாரம் ஒரு படம் எடுத்து வைத்தால் இந்த நிறமாற்றத்தைத் தவறவிட மாட்டீர்கள்.

குழி தோண்டி வாழ்வது என்றால் வாசலை மண்ணும் நூலும் வைத்து அடைத்துவிடும். வாரக்கணக்கில் முகமே காட்டாது. தோண்டிப் பார்க்காதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் நிரப்பிக்கொண்டிருங்கள். உரித்து முடித்ததும் பழைய சட்டையைக் கசங்கிய பொட்டலமாக வாசலில் தள்ளிவிடும். சில நேரம் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கொண்டுவந்து போடும்.

கறுப்பு தெரிந்த நாளிலிருந்து உயிருள்ள இரை எதுவும் டப்பாவுக்குள் இருக்கக்கூடாது. உரிக்கும் சிலந்தியால் தற்காத்துக்கொள்ள முடியாது; சுவர்க்கோழி ஒன்று கடித்தே கொன்றுவிடும்.

மல்லாந்து கிடந்தால்

"அண்ணா, பூச்சி மல்லாந்து கெடக்குதுங்கண்ணா, செத்துப்போச்சுங்களா?" புதிதாக வளர்ப்பவர்களிடமிருந்து ராத்திரி வரும் போனெல்லாம் இதுதான். இல்லைங்க. மல்லாந்து கிடந்தால் அது உரிக்கிறது. சாகிற டாரன்டுலா வயிறு தரையைப் பார்த்தபடியே, கால்களை அடியில் மடக்கிக்கொண்டு சுருளும். மல்லாந்ததைப் புரட்டிப் போடுவதுதான் அதைக் கொல்லும்.

நடப்பது இதுதான். முந்தின நாளே தரையில் பட்டு விரிக்கும். அதன்மேல் மல்லாந்து படுத்து வெகுநேரம் அசையாமல் கிடக்கும். பழைய ஓட்டுக்கும் புதியதுக்கும் நடுவில் ஒரு திரவம் ஊறி இரண்டையும் பிரித்திருக்கும். இதயம் வயிற்றிலிருந்து குருதியை முன்பக்கம் தள்ளத் தள்ள அழுத்தம் ஏறி, முதுகு ஓடு விளிம்பில் பிளந்து பிஸ்கட் டின் மூடி மாதிரி எழும். பிறகு வயிற்றின் பக்கவாட்டுத் தோல் கிழியும். அதன்பின் எட்டுக் காலையும் முன்னாலிருக்கும் இரண்டு குட்டைக் கைகளையும், உந்தி ஓய்ந்து, உந்தி ஓய்ந்து, பழைய உறைக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவும். உற்றுப் பார்த்தால் எல்லாக் கால்களும் ஒரே தாளத்தில் துடிப்பது தெரியும். வெளியே வரும் கால் வெளுத்து, ஈரமாக, வளைந்து கொடுக்கும். நச்சுப்பல்லும் கழன்று வரும். புதுப்பல் பால் வெள்ளையாக இருக்கும்.

குஞ்சுக்கு இது அரைமணி, ஒரு மணி நேர வேலை. பெரிதாக ஆக நேரம் கூடும். வளர்ந்ததற்குப் பல மணி நேரம், சில சமயம் ராத்திரி முழுக்க. மரவாழ் இனங்கள் நூல் கூட்டுக்குள்ளேயே உரித்துவிடும், நீங்கள் பார்க்கவே கிடைக்காது. வீடியோ எடுப்பதென்றால் போனை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத் தள்ளி உட்காருங்கள். டப்பாவைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டு போகாதீர்கள். வண்டியில் வைத்து ஊர் மாற்றுவதும் கூடாது. மலையேற வேண்டியிருந்தால் உரித்து ஓடு இறுகும் வரை தள்ளிப்போடுங்கள்.

ஒரு கால் மட்டும் வெளியே வராமல் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டால்? அறை வெப்பநிலைத் தண்ணீரை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு, சிக்கிய பழைய தோலில் மட்டும் ஈரம் படுத்தலாம். வயிற்றின் அடியில் வெள்ளைத் திட்டாகத் தெரியும் மூச்சுப் பைகள் மீது நீர் படக்கூடாது. இழுக்கவே கூடாது. தன்னால் முடியாவிட்டால் அது அந்தக் காலையே கழற்றிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். போன கால் அடுத்த உரிப்பில் சின்னதாக, வெளிறி முளைக்கும். இரண்டு மூன்று உரிப்பில் மற்றவற்றோடு சமமாகும். எந்தக் கால் போனது, எப்போது திரும்ப வந்தது என்று நோட்டில் ஒரு படம் போட்டு வையுங்கள். இந்தப் பக்கத்தைப் பிற்பாடு புரட்டிப் பார்ப்பது தனிச் சுகம்.

உரித்த பிறகு

தண்ணீர் உடனே கிடைக்க வேண்டும். தீனி உடனே கூடாது. பல் வெள்ளையாக இருக்கும்வரை அதனால் குத்த முடியாது, இரைதான் அதைக் குத்தும். வெள்ளை சிவப்பாகி, சிவப்பு கறுப்பாகும்வரை காத்திருங்கள். குஞ்சுக்கு நாலைந்து நாள், பெரியதற்கு இரண்டு வாரம் வரைகூட ஆகும். நாளை எண்ணுவதைவிடப் பல்லின் நிறத்தைப் பார்ப்பது நல்லது. கண்ணாடியில் ஏறி நிற்கும்போது அடியிலிருந்து டார்ச் அடித்தால் தெரிந்துவிடும்.

சட்டையை எடுக்க நீளமான இடுக்கி வேண்டும். கையுறை போடுங்கள். அமெரிக்க இனங்களின் வயிற்று முடியில் நுண்ணிய முட்கள் உண்டு. உரித்த சட்டையிலும், விரித்த பட்டிலும் அது ஒட்டியிருக்கும். தோலில் பட்டால் அரிக்கும். கண்ணில் பட்டால் கண் டாக்டரிடம் போக வேண்டிய விவகாரம். அந்தக் கையால் கண்ணைக் கசக்கிவிடாதீர்கள்.

சட்டையைப் படிப்பது

எல்லா உழைப்பும் இந்த இடத்துக்காகத்தான். எடுத்த சட்டை காய்ந்திருந்தால் தொட்டதும் நொறுங்கும். தட்டையான கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு. சட்டையை மிதக்க விட்டால் கொஞ்ச நேரத்தில் இளகிவிடும்.

முதலில் முதுகு ஓடு. மூடி மாதிரித் தனியாகத் திறந்து நிற்கும் கெட்டியான வில்லை. கண்கள் இருக்கும் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை வெர்னியரால் அளங்கள். கால்தோல் இழுத்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். ஓடு அப்படி ஏமாற்றாது. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைப் பக்கம் விசாரித்தால் நல்ல காலிப்பரும், பட்டறைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸும் வாங்க இடம் சொல்வார்கள். கொலுசுக்கு வேலை செய்கிற லென்ஸ் சிலந்திக்கும் வேலை செய்யும்.

இங்கே ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். சட்டை காட்டுவது சிலந்தியின் பழைய அளவு. மார்ச் 17-இல் கிடைத்த சட்டை 9.2 மி.மீ. என்றால், மார்ச் 17-க்கு முன்னால் அது 9.2 ஆக இருந்தது என்றுதான் பொருள். இப்போதைய அளவு அடுத்த சட்டை கிடைக்கும்போதுதான் உறுதியாகத் தெரியும். இதை மாற்றி எழுதினால் நோட்டு முழுக்க ஒரு படி பிசகும்.

அடுத்தது ஆணா பெண்ணா. குஞ்சில் பார்ப்பது கஷ்டம். கால்வீச்சு 4, 5 செ.மீ. ஆன பிறகு முயலுங்கள். வயிற்றுத்தோல்தான் வேண்டும், அதுவோ முறுக்கிப் பிழிந்த ஈரத்துணியாக இருக்கும். தண்ணீருக்குள்ளேயே இரண்டு நம்பர் ஜீரோ பிரஷ்களால் மெல்லப் பிரித்து, உட்புறம் உங்களைப் பார்க்கும்படி ஒரு கண்ணாடித் துண்டில் விரியுங்கள். நான்கு வெளிறிய திட்டுகள் தெரியும். அவை ஏட்டு நுரையீரல்களின் (முன்னே சொன்ன மூச்சுப் பைகள்) உள்தோல். மேல் ஜோடிக்கு நடுவில், குறுக்காக ஓடும் மடிப்பை லென்ஸில் பாருங்கள். பெண் என்றால் அங்கே ஒரு சிறு மடல் எழுந்து நிற்கும், விந்துப்பை அது. இனத்துக்கு இனம் வடிவம் மாறும், ஒற்றையாக அகலமாகவும் இருக்கலாம், இரண்டு மொட்டாகவும் இருக்கலாம். பிரஷ் நுனியால் நிமிண்டினால் அசையும். ஆணிடம் அந்த மடல் இருக்காது. சந்தேகமாக இருந்தால் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த உரிப்புக்குக் காத்திருங்கள். ஊகத்தைப் பேனாவால் எழுதினால் பிற்பாடு நீங்களே அதை நம்பிவிடுவீர்கள்.

கணக்கு

மூன்று ஓட்டு அளவு சேர்ந்ததும் வகுத்துப் பாருங்கள். 9.2-க்கு அடுத்தது 11.4 என்றால் 1.24 மடங்கு. 1890-இல் ஹாரிசன் டையர் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களின் தலை ஓட்டை அளந்து, ஒவ்வோர் உரிப்பிலும் அது ஏறக்குறைய ஒரே மடங்கில் பெருகுவதைக் கண்டார். சிலந்திக்கும் தோராயமாகப் பொருந்தும், கறாராக அல்ல. 11.4-ஐ 1.24-ஆல் பெருக்கினால் 14.1, அடுத்த ஓடு அதன் அக்கம்பக்கத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அதைவிட மிகக் குறைவாக வந்தால் தீனி போதவில்லையா, அறை குளிர்ந்துவிட்டதா, காலொன்றை முளைக்க வைப்பதில் சத்து போய்விட்டதா என்று நோட்டில் பின்னால் போய்ப் பாருங்கள்.

இடைவெளி நாட்களையும் ஒரு வரிசையாக எழுதுங்கள். குஞ்சுப் பருவத்தில் மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று உரிக்கும். வளர வளர இடைவெளி நீளும். முதிர்ந்த பெண் வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் மேலோ. மெதுவாக வளரும் சிலி ரோஸை வேகமாக வளரும் மரவாழ் இனத்தோடு ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டாம்.

சட்டைகளைக் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு சின்ன டப்பாக்களில் போட்டு, தேதியும் உரிப்பு எண்ணும் ஒட்டி வையுங்கள். அந்துருண்டை போடாதீர்கள்; அதே அலமாரியில்தான் உயிரோடு ஒருத்தி இருக்கிறாள்.

ஆண் முதிர்ந்தால்

ஒரு உரிப்பில் உங்கள் சிலந்தி திடீரென்று நெடுங்காலும் சின்ன வயிறுமாக வந்து, முன்கைகளின் நுனி குத்துச்சண்டைக் கையுறை போட்டதுபோல உருண்டு, பல இனங்களில் முன்னங்காலின் அடியில் கொக்கியும் இருந்தால், அது முதிர்ந்த ஆண். அதுதான் கடைசி உரிப்பு. இன்னொரு முறை உரிக்க முயல்பவை அரிதாகவே பிழைக்கின்றன. இனிமேல் தீனி குறையும், டப்பாவுக்குள் ஓயாமல் நடக்கும், மாதங்களோ ஓரிரு வருடமோ இருக்கும். நோட்டில் அந்தத் தேதிக்குக் கீழே கோடு போட்டு, அளவெடுப்பதை நிறுத்திவிடலாம். தின்றதும் மறுத்ததும் மட்டும் தொடரட்டும்.

அதை இனப்பெருக்கத்துக்காக வேறொருவருக்குக் கொடுக்கிறீர்கள் என்றால், பதிவுக்குட்பட்ட இனமாக இருந்தால் கைமாற்றத்தை முதலில் இணையதளத்தில் தெரிவித்துவிடுங்கள். அப்புறம் நோட்டின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து டப்பாவோடு சேர்த்துக் கொடுங்கள். வாங்குகிறவர் முதலில் கேட்கப்போவது கடைசி உரிப்புத் தேதியைத்தான்.